தேடப்படும் வீரர்கள்



முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பணியாற்றி, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்ற ஒருவனை வானொலி நிலையத்தார் பேச அழைத்தால், அவன் கல்வியைப் பற்றியோ நன்னடத்தையைப் பற்றியோ பேசுவான் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். நானோ இன்று துப்பாக்கி வீரர்களின் சித்திரக் கதைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதைக் கேட்டுச் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், நன்னடத்தையைப் பற்றி நான் கற்ற பாடங்களுள் ஒன்று அக்கதைகளிலிருந்தே எனக்குக் கிடைத்தது. அதுவும் கற்பிக்கும் தொழிலை விட்டு விலகும் நாளில்தான் கிடைத்தது.

அமெரிக்க நாட்டின் மேற்குப் பகுதியைக் களமாகக் கொண்ட இக்கதைகளை உங்களிற் பலர் படித்திருப்பீர்கள். படிக்காதவர்கள் உங்கள் பிள்ளைகளின் கையிலாவது கண்டிருப்பீர்கள். அகன்ற விளிம்புடைய தொப்பி, இடுப்பிலே தோற்கச்சை, அதிலே கைத்துப்பாக்கி, ஏறிச் செல்ல ஒரு குதிரை: கதைத்தலைவனின் உடைமை பெரும்பாலும் இவ்வளவே. அவனுக்கு வீடு இல்லை. புழுதி படிந்த ஒரு சிற்றூருக்குள் வருவான். ஒரு கொடுமையைக் காண்பான். அதனைத் தீர்த்து வைப்பான். கடைசிப் படத்தில் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய்விடுவான்.

இவ்வீரர்களுள் மிகவும் புகழ் பெற்ற ஒருவன் நம் வானொலிக்கு உறவினன் என்றே சொல்லலாம். முகமூடி அணிந்த லோன் ரேஞ்சர் முதன்முதலாகத் தோன்றியது அச்சிட்ட தாளில் அன்று. 1933ஆம் ஆண்டில் டெட்ராய்ட் நகர வானொலி நிலையம் ஒன்றின் ஒலிபரப்பில். பின்னரே அவன் சித்திரக் கதைக்கு வந்தான். எதிரியைக் கொல்வதற்காகச் சுடுவதில்லை என்பது அவன் கொள்கை. கையிலுள்ள ஆயுதத்தை வீழ்த்துவதற்கே அவன் சுடுவான். அவனுடைய குண்டுகள் வெள்ளியால் ஆனவை. உயிர் விலைமதிப்புடையது, அதனை எளிதில் செலவிடலாகாது என்பதை நினைவூட்டவே அந்த வெள்ளி. சுடுவதில் வல்லவனாகிய ஒருவனின் பெருமை அவன் சுடாமல் விடும் குண்டினால் அளக்கப்பட்டது என்பதை இங்கே கருதிப் பார்க்க வேண்டும். லக்கி லூக் என்னும் நகைச்சுவை வீரனை 1946ஆம் ஆண்டில் படைத்தவர் பெல்ஜிய நாட்டு ஓவியர் மோரிஸ். அவன் தன் நிழலைக் காட்டிலும் விரைவாகச் சுடுபவன். எனினும் கொலையை நாடாதவன். அவன் உதட்டில் தொங்கிக்கொண்டிருந்த சிகரெட்டைக்கூட 1983ஆம் ஆண்டில் எடுத்துவிட்டு, அவ்விடத்தில் ஒரு புல்லின் தாளை வைத்தார் மோரிஸ். அதற்காக உலக சுகாதார நிறுவனமே அவரைப் பாராட்டியது.

இனி, நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். இக்கதைத்தலைவர்களின் வரலாறுகளை ஒன்றன் அருகில் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு வியப்பான ஒற்றுமை புலப்படும். அவர்களுட் பலர் சட்டத்தால் தேடப்படுகிறவர்கள். செய்யாத குற்றத்திற்காகத் தேடப்படுகிறவர்கள்.

1948ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவரத் தொடங்கிய 'கிட் கோல்ட்' இதழை எடுத்துக்கொள்வோம். தன் தந்தையைக் கொன்றவனை நேர்மையான மோதலில் வீழ்த்துகிறான் அந்த இளைஞன். கொலைகாரன் என்ற பழி அவன் தலையில் விழுகிறது. அந்தப் பழியோடு 1979ஆம் ஆண்டு வரை, முப்பத்தோராண்டுக் காலம், 229 இதழ்களில் அவன் ஓடிக்கொண்டே இருந்தான். 1960ஆம் ஆண்டில் ஸ்டான் லீ எழுத, ஜாக் கிர்பி வரைய, 'ராஹைட் கிட்' என்னும் வீரன் புதுவடிவம் பெற்றான். அவனும் நல்லவனே. ஆனால் உண்மையறியாத ஷெரீப் ஒருவர் கைது செய்ய வரும்போது, தன் சொல்லை எவரும் நம்பமாட்டார்கள் என்று அஞ்சி அவன் ஓடிவிடுகிறான். ஓடியதே குற்றத்திற்குச் சான்றாகிவிடுகிறது. பிரெஞ்சு மொழியில் 1963ஆம் ஆண்டு தொடங்கிய புளூபெரி கதைகளை ஷார்லியே எழுத, ழான் ஜிரோ வரைந்தார். தமிழில் 'கேப்டன் டைகர்' என்று வழங்கப்படும் அந்த வீரன்மீது, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கிராண்டைக் கொல்ல முயன்றதாகவே பழி சுமத்தப்படுகிறது. அப்பழியைத் துடைப்பதற்கு அவன் படும் பாடு பல புத்தகங்களுக்கு நீள்கிறது.

இத்தாலி நாட்டில் 1948ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் பிறந்த டெக்ஸ் வில்லரும் தொடக்கத்தில் சட்டத்தால் தேடப்பட்டவனே. ஜான் லூயிஜி பொனெல்லி கதை எழுத, கலெப்பினி படம் வரைந்தார். அவனுக்கு முதலில் 'டெக்ஸ் கில்லர்' என்று பெயரிட எண்ணியிருந்தார்கள் என்றும், கொலையாளி என்று பொருள்படும் அப்பெயர் கடுமையாக இருக்கிறதே என்று ஓர் எழுத்தை மாற்றி 'வில்லர்' ஆக்கினார்கள் என்றும் சொல்வார்கள். ஓர் எழுத்து மாறியதால் கொலையாளி வீரனாகிவிட்டான். ஒருவனுக்கு நாம் இடும் பெயர் எத்துணை ஆற்றலுடையது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

ஆகவே, இக்கதைகளில் வரும் ஆயுதங்களுள் மிகக் கொடியது எது என்று என்னைக் கேட்டால், துப்பாக்கி என்று சொல்லமாட்டேன். மரத்தூணில் ஆணியடித்துத் தொங்கவிடப்பட்ட ஒரு தாள்தான் என்பேன். 'தேடப்படுகிறான்' என்ற ஒரே சொல், அதன்கீழ் ஒரு முகம், அதற்கும் கீழே ஒரு தொகை: அவ்வளவுதான் அந்தத் தாளில் இருப்பது. துப்பாக்கிக் குண்டிலிருந்து குனிந்து தப்பலாம். அந்தத் தாளிலிருந்து தப்ப முடிவதில்லை. வீரன் ஓர் ஊரில் நூறு பேரைக் காப்பாற்றினாலும், அடுத்த ஊரின் நுழைவாயிலில் அது அவனுக்கு முன்பே வந்து காத்திருக்கிறது.

உண்மை வரலாற்றில் இவையெல்லாம் இப்படித்தான் நடந்தனவா என்று கேட்பீர்கள். இல்லை. மாட்டு மந்தைகளை நெடுந்தொலைவு ஓட்டிச் சென்ற அந்தக் காலம் 1866ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் முடிந்துவிட்டது. முள்கம்பி வேலியும் இருப்புப் பாதையும் அதனை முடித்து வைத்தன. கிட் கோல்ட் என்ற ஒரே இதழ், அந்தக் காலத்தைவிட நீண்ட நாள் வாழ்ந்தது. நடுத்தெருவில் இருவர் எதிரெதிரே நின்று சுட்டுக்கொள்வது கதைகளில் வாரந்தோறும் நிகழும். வரலாற்றில் அது அரிது. 1865ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள், மிசூரி மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஹிக்காக் என்பவர் டட் என்பவரை ஏறத்தாழ 75 கஜத் தொலைவிலிருந்து சுட்டு வீழ்த்தினார். சூதாட்டக் கடனுக்காக எடுத்துக்கொள்ளப்பட்ட ஒரு கடியாரமே அச்சண்டைக்குக் காரணம். சட்டைப்பையில் வைக்கும் கடியாரம் அது. அதன் பின்னர் நடந்ததைக் கதைகள் சொல்வதில்லை. ஹிக்காக் கைது செய்யப்பட்டு, ஜூரிகளின் முன்னே நிறுத்தப்பட்டு, விசாரணைக்குப் பிறகே விடுதலை பெற்றார்.

இன்னும் புகழ் பெற்றது, 1881ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் அரிசோனாப் பகுதியில் டூம்ஸ்டோன் என்னும் ஊரில் நடந்த மோதல். ஊருக்குள் ஆயுதம் தாங்கி நடமாடலாகாது என்று அங்கே ஒரு நகரவிதி இருந்தது. அவ்விதியை நிறைவேற்றப் புறப்பட்டதே அன்றைய மோதலில் முடிந்தது. ஏறத்தாழ முப்பது விநாடிகளில் ஏறத்தாழ முப்பது குண்டுகள் சுடப்பட்டன, மூவர் மாண்டனர். அந்த முப்பது விநாடிகளை எத்தனையோ திரைப்படங்களும் சித்திரக் கதைகளும் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன. ஆனால் அதன் பின்னர் நீதிபதி ஒருவர் முன்னிலையில் ஏறத்தாழ ஒரு மாத காலம் சாட்சிகள் விசாரிக்கப்பட்டார்கள் என்பதை அறிந்தவர் சிலரே. முப்பது விநாடிச் செயலுக்கு ஒரு மாத விசாரணை! இந்தக் கணக்கை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்கு மீண்டும் வருவேன்.

இக்கதைகளில் உள்ள பெருங்குறை ஒன்றையும் நான் மறைக்கலாகாது. தனியொருவன் மீது சுமத்தப்பட்ட பொய்ப்பழியைக் கண்டு கண்ணீர் விடும் இதே கதைகள், அம்மண்ணின் தொல்குடி மக்கள் அனைவர்மீதும் கொடியவர்கள் என்ற பழியைக் கூசாமல் சுமத்தின. பறிக்கப்பட்டது அவர்களுடைய நிலம். கொள்ளையர் என்ற பெயரும் அவர்களுக்கே கிடைத்தது. மாடு மேய்த்தவர்களுள் ஏறத்தாழ கால் பங்கினர் கறுப்பின மக்கள் என்று வரலாற்றாசிரியர் கணிக்கின்றனர். சித்திரங்களில் அவர்களைத் தேடித்தான் காண வேண்டும். இந்த வகையில் டெக்ஸ் வில்லர் ஓரளவு வேறுபட்டவன். அவன் நவஹோ குலத்தலைவரின் மகளாகிய லிலித்தை மணந்து, பின்னர் அக்குலத்தின் தலைவனாகவே ஆகிறான். அம்மக்கள் அவனை 'இரவுக் கழுகு' என்று அழைக்கிறார்கள். பெரியம்மை நோய்க் கிருமி படிந்த போர்வைகளைத் தீயவர் சிலர் அம்மக்களுக்கு விற்றதனால் அவன் மனைவி இறந்துபோகிறாள். துப்பாக்கி எடுக்காத கொலையும் உண்டு என்பதை அக்கதை சிறுவர்களுக்கு உணர்த்திவிடுகிறது.

கதைத்தலைவர்கள் மட்டுமல்லர், கதைப் புத்தகங்களே ஒருகாலத்தில் தேடப்படும் குற்றவாளிகளாக இருந்தன. கிட் கோல்ட் தோன்றிய அதே 1948ஆம் ஆண்டில், வெஸ்ட் வர்ஜீனியா மாநிலத்து ஸ்பென்சர் என்னும் ஊரில், பள்ளிப் பிள்ளைகளே வீடு வீடாகச் சென்று சித்திரக் கதைகளைத் திரட்டிவந்து, குவித்து, தீ மூட்டினார்கள். 1954ஆம் ஆண்டில் மனநோய் மருத்துவராகிய ஃபிரெடரிக் வெர்தம், சிறுவர் குற்றங்களுக்குச் சித்திரக் கதைகளே பெருங்காரணம் என்று ஒரு நூல் எழுதினார். அமெரிக்க செனட் சபையின் குழு ஒன்று அவ்வாண்டிலேயே விசாரணை நடத்தியது. அஞ்சிய பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாட்டு விதித்தொகுப்பை வகுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு கதையிலும் நன்மையே வெல்ல வேண்டும், காவலரையும் நீதிபதியையும் மதிப்புக் குறையுமாறு காட்டலாகாது என்பன போன்றவை அவ்விதிகள். அறுபதாம் ஆண்டுகளின் துப்பாக்கி வீரன், சட்டத்தால் துரத்தப்பட்டும் சட்டத்தை இகழாதவனாக வளர்ந்ததில் அவ்விதிகளுக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து. இறுதியில் நடந்ததையும் கேளுங்கள். வெர்தம் விட்டுச் சென்ற குறிப்புகளை ஆராய்ந்த கேரல் டில்லி என்னும் பேராசிரியை, அவர் சிறுவர்களின் வாக்குமூலங்களை மாற்றியும் சுருக்கியும் ஒன்றோடொன்று கலந்தும் எழுதியிருக்கிறார் என்று 2012ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். பழி சுமத்த ஓர் ஆண்டு போதுமானதாக இருந்தது. அதன் அடித்தளம் பழுது என்று காட்ட ஐம்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின.

வெர்தமைக் குறை கூறும் உரிமை எனக்கு உண்டா என்பதுதான் இப்போது கேள்வி. இல்லை என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

1988ஆம் ஆண்டு. அப்போது நான் தென் மாவட்டத்துக் கரிசல் நிலத்து ஊர் ஒன்றில், ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியன். மாணவர்களிடமிருந்து திரட்டிய தேர்வுக் கட்டணம் நாற்பத்திரண்டு ரூபாய் ஓர் உறையில் இருந்தது. ஒருநாள் அந்த உறையைக் காணவில்லை. மாணவர்களின் பைகளைச் சோதித்தேன். ஒரு பையனின் பையில் பணம் இல்லை. ஆனால் சிவகாசியிலிருந்து வெளிவரும் லயன் காமிக்ஸ் புத்தகம் ஒன்று இருந்தது. டெக்ஸ் வில்லர் கதை. 1984ஆம் ஆண்டில் தொடங்கிய அவ்வெளியீடு அப்போது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடையே கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்ட ஒன்று. "இதை வாங்கப் பணம் ஏதடா?" என்று கேட்டேன். "அண்ணன் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறான் சார், அவன் வாங்கிக் கொடுத்தது" என்றான். நான் நம்பவில்லை. துப்பாக்கிப் படம் பார்க்கிறவன் திருடத்தான் செய்வான் என்றேன். வகுப்பு முழுவதும் கேட்க அவனைத் திருடன் என்று சொன்னேன். புத்தகத்தைப் பறித்து வைத்துக்கொண்டேன்.

மூன்று நாள் கழித்து அந்த உறை கிடைத்தது. நானே அட்டை போட்ட வருகைப் பதிவேட்டின் பழுப்புத்தாள் மடிப்புக்குள் அது சொருகிக்கொண்டிருந்தது. பையனைத் தனியே தாழ்வாரத்திற்கு அழைத்து, "பணம் கிடைத்துவிட்டது" என்றேன். அவன் "சரி சார்" என்றான். அவ்வளவே. நான் தவறினேன் என்று சொல்லவில்லை. வகுப்பில் அதை அறிவிக்கவுமில்லை. அறிவித்தால் ஆசிரியரின் மதிப்புக் குறையும் என்று எண்ணினேன். திருடன் என்ற பெயர் அவன் தோழர்களின் வாயில் விளையாட்டாய்த் தொடர்ந்தது. நான் அதைக் கேட்டும் கேளாதவன்போல் இருந்தேன். ஆண்டுத் தேர்வுக்குப் பின் அவன் பள்ளிக்கு வரவில்லை. அண்ணனோடு தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். அவன் வீடு இரண்டு மைல் தொலைவுதான். நான் போகவில்லை. வறுமையால் நின்றானோ, என் சொல்லால் நின்றானோ, இன்றுவரை நான் அறியேன். அறிந்துகொள்ள அன்று நான் முயலவில்லை என்பதே என் குற்றம்.

ஓய்வு பெற்ற நாளில் என் அலமாரியை ஒழித்தபோது, பழைய விடைத்தாள் கட்டுகளின் அடியில் அந்தப் புத்தகம் கிடைத்தது. தாள் மஞ்சளித்திருந்தது. முதல் பக்கத்தின் மூலையில் அவன் பெயரும், வகுப்பும், பிரிவும் எழுதியிருந்தன. பாடப்புத்தகத்தில் எழுதும் அதே கவனத்தோடு எழுதியிருந்தான். அன்றிரவு அதை முழுவதும் படித்தேன். அதற்குப் பின்னரே இவ்வகைக் கதைகள் பலவற்றைத் தேடித் தேடிப் படித்தேன். இன்று உங்களுக்குச் சொன்ன செய்திகளெல்லாம் அவ்வாறு திரட்டியவை.

டூம்ஸ்டோன் கணக்கைச் சொன்னேன் அல்லவா? முப்பது விநாடி மோதலுக்கு ஒரு மாத விசாரணை. என் வகுப்பறையில் கணக்குத் தலைகீழ். ஒரு பையனின் வாழ்நாள் முழுவதும் நிற்கக்கூடிய தீர்ப்பை வழங்க எனக்கு முப்பது விநாடி விசாரணைகூடத் தேவைப்படவில்லை. கட்டுப்பாடற்றவர்கள் என்று நாம் கருதும் அந்தத் துப்பாக்கி ஊரார் செய்ததைப் பயிற்சி பெற்ற ஆசிரியனாகிய நான் செய்யவில்லை.

இக்கதைகளின் முடிவில் பல வேளைகளில் ஒரு காட்சி வரும். உண்மை வெளியான பின், ஷெரீப் எல்லாரும் காணத் தெருவில் நடந்து சென்று, தூணில் தொங்கும் தாளைத் தம் கையாலேயே கிழித்தெறிவார். அவர் அதைத் தம் அறைக்குள் அமர்ந்து இரகசியமாகக் கிழிப்பதில்லை. எந்தத் தெருவில் ஒட்டப்பட்டதோ அந்தத் தெருவிலேயே அது கிழிக்கப்பட வேண்டும்; ஒட்டியவரே கிழிக்க வேண்டும். சிறுவர் படிக்கும் சித்திரக் கதைக்குத் தெரிந்த இந்த நியாயம் எனக்குத் தெரியாமற் போயிற்று.

பெற்றோர்களுக்கும், இன்று பணியிலிருக்கும் ஆசிரியத் தோழர்களுக்கும் என் விண்ணப்பம் இதுவே. பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று பாருங்கள். வேண்டாம் என்று தோன்றினால் காரணம் கூறி விலக்குங்கள். ஆனால் கையிலிருக்கும் புத்தகத்தைக் கொண்டு பிள்ளையின் நெஞ்சைத் தீர்மானித்துவிடாதீர்கள். ஒரு பிள்ளையின்மீது பலர் முன்னிலையில் பழி கூறுமுன் விசாரியுங்கள். கூறிவிட்டுப் பிழை என்று கண்டால், அந்தப் பலர் முன்னிலையிலேயே அதைத் திரும்பப் பெறுங்கள். அதனால் ஆசிரியரின் மதிப்புக் குறையாது.

அந்த மாணவர் இப்போது ஐம்பது வயதைக் கடந்திருப்பார். அவர் பெயரை நான் இங்கே சொல்லவில்லை; பழியோடு சேர்த்து அவர் பெயரைப் பலரறியச் சொன்னது ஒருமுறை போதும். எங்கிருந்தாலும், இந்நேரத்தில் இவ்வொலிபரப்பைக் கேட்டாலும் கேளாவிட்டாலும், அன்று அவரோடு அந்த வகுப்பில் அமர்ந்திருந்தவர்களில் ஒருவரேனும் கேட்பார் என்று நம்பிச் சொல்கிறேன்: 1988ஆம் ஆண்டில் அவர் திருடவில்லை. பணம் என் பதிவேட்டிலேயே இருந்தது. தவறு என்னுடையது. அவருடைய புத்தகம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.